ராத்திரி மோட்டாரைப் போட்டது யார்

கருத்தையா ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தபோதே, இது ரிப்பேர் வேலை இல்லை, வம்பு வேலை என்று புரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பம்புசெட் சாமான் விற்கிறவனுக்கு ஆள் முகத்தைப் பார்த்தே மோட்டாருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியும். இவர் முகத்தில் இருந்தது மோட்டார் கோளாறு இல்லை.

"ஜாபிரு, ராத்திரி மோட்டாரப் போட்டது யாருன்னு இந்தப் பெட்டி சொல்லுமாம்ல?" என்றார்.

"சொல்லும். எதுக்குக் கேக்கீய?"

மகாராஜபுரத்தில் அவருக்கும் அவர் மனைவியின் தம்பி வேல்சாமிக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. காலையில் முறைக்காரர் வந்து வால்வைத் தன் வயல் பக்கம் திருப்பிக்கொள்வார். மோட்டாரை இரண்டு பேருமே போனில் போடலாம், நிறுத்தலாம். யார் போட்டாலும் அவர் போன் எண் ஸ்டார்ட்டர் பெட்டியில் பதியும். அந்த ஸ்டார்ட்டரை மாட்டிக் கொடுத்தவன் நான்தான். இப்போது கருத்தையா தன் முறைக்குப் போய்ப் பார்த்தால் கிணறு இறங்கிக் கிடக்கிறதாம். வால்வு வேல்சாமி பக்கம் இருக்கும்போது ராத்திரியே யாரோ இறைத்துவிடுகிறார்கள்.

"அதப் பேப்பரா எடுத்துக் குடு. வெள்ளிக்கிழம ஊர்க்கூட்டத்துல வச்சு, கெணத்தயும் பிரி, ஒறவையும் பிரின்னு சொல்லிட்டு வாரேன். மச்சினனோட பேசி மாசம் ஒண்ணாச்சு. ஏம் பொண்டாட்டி அழுதுக்கிட்டே கெடக்கா."

புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த அம்மாளை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாடிக்கையாளர் கேட்கிறார். யார் போட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கும் கை துறுதுறுத்தது, அதை மறைப்பானேன்.

என் தங்கை சப்ரீன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைக்கு வந்திருந்தாள். பெட்டியிலிருந்த பதிவைத் தன் லேப்டாப்பில் இறக்கினாள். திறந்தால், வரி வரி வரி. கரண்ட் வந்தது, கரண்ட் போனது, வோல்ட் குறைவு, மோட்டார் ஓடியது, மோட்டார் நின்றது. எனக்குக் கண் பூத்துப் போனது.

"இத உக்காந்து படிச்சா விடிஞ்சிரும்ட்டி" என்றேன்.

"யாரு படிக்கச் சொன்னா?" என்று கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தாள். செட் என்று ஒரு கட்டளையாம். கோப்பை அதன் வழியாக விட்டால் ஒவ்வொரு வரியாக அதைத் தாண்டிப் போகுமாம். நாம் சொல்லும் அச்சில் இருக்கிற வரியை மட்டும் பிடித்து மாற்றும், இல்லையென்றால் தூக்கிப் போடும், மற்றதைத் தொடாது. சல்லடையில் மாவு சலிப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எந்தச் சல்லடையும் போகிற போக்கில் மாவுக்குப் பெயர் எழுதாது. இது எழுதியது. 'பத்து இலக்கம் சேர்ந்து வந்து கடைசி நான்கு இப்படி இருந்தால் அது வேல்சாமி' என்று அவள் ஒரு வரி தட்டியதும், கோப்பு முழுக்க அந்த எண் இருந்த இடத்தில் எல்லாம் வேல்சாமி வந்து உட்கார்ந்தார். அடுத்த வரியில் கருத்தையா. நான் வாயைப் பிளந்தேன்.

"கரண்ட் வந்தது போனது எல்லாம் குப்ப. தூக்கிரு" என்றேன். தூக்கினாள்.

"அண்ணே, ராத்திரி மோட்டார் ஓடுன வரியில நம்பரே இல்ல. வெறுமையா கெடக்கு."

எங்கள் கடையில் பில் எழுதும்போது ஒரே ஆள் நாலு சாமான் வாங்கினால் பெயரை ஒருதரம்தான் எழுதுவோம். கீழே வெறுமையாக விட்டால் மேலே உள்ளவர்தான் என்று அர்த்தம். "மேல யாரு பேரு இருக்கோ அதயே எறக்கிப் போடு" என்றேன். அதற்கும் ஒரு கட்டளை இருந்தது. திரையில் முதலில் தெரிந்த ராத்திரி வரிகளில் வேல்சாமி, வேல்சாமி என்று இறங்கியது.

கருத்தையா மேசையைத் தட்டினார். "பாத்தியாலே, நாஞ் சொல்லல?"

சப்ரீன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாமா, செத்த இருங்க. ஒருநாள் ராத்திரி அவிய பேரு வருது. மறுநாள் ராத்திரி உங்க பேரு வருதே."

"ஏம் பேரா? நான் ராத்திரி மோட்டாரத் தொட்டதே கெடையாதும்மா."

அவர் பொய் சொல்லவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. அவர் பொய் சொல்லவில்லையென்றால் பெட்டி பொய் சொல்கிறது. வெறுமையான வரிக்குப் பெயர் போடச் சொன்னது நான்.

சப்ரீன் பழைய கோப்பைத் திறந்து, தூக்கிப் போட்ட வரிகளோடு மறுபடி ஓட்டினாள். பெயரில்லாத ஒவ்வொரு வரிக்கும் நேர் மேலே 'கரண்ட் வந்தது' என்று இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"யாருமே போடல" என்றாள். "ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடியிருக்கு. பெட்டி ஆட்டோவுல கெடக்கு. வால்வு யாரு பக்கம் கெடந்துச்சோ, தண்ணி அந்த வயலுக்குப் போயிருக்கு."

ஆட்டோவில் விட்டது வேறு யார்? கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடணும் என்று இந்தப் பக்கம் கேட்காத ஆளே இல்லை என்பதால் எல்லார் பெட்டியையும் நான் அப்படியே விட்டுவிட்டு வருவது வழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னேன். கருத்தையா என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப எனக்கும் வந்திருக்கா?" என்றார் மெதுவாக. "மறுநாக் காலையில வயலு ஈரமாத்தான் கெடக்கும். பகல்ல பாய்ச்சுன ஈரம்னு இருந்துட்டேன்."

வேல்சாமிக்குப் போன் போட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க முறையில கெணறு எறங்கிக் கெடக்குமோ?"

"கெடக்கும். ஆடியிலருந்தே அப்பிடித்தான்."

"பொறவு ஏன் யாருட்டயும் சொல்லல?"

"அத்தான் சோளம் வாடிக் கெடந்துச்சு. அவியதான் ராத்திரி எறைச்சுக்கிடுதாவன்னு நெனச்சேன். எறைச்சுட்டுப் போறாவ, அக்கா வீட்டுச் சோளம்தானேன்னு விட்டுட்டேன்."

கருத்தையா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். வாய் அருகே வைத்தார், எடுத்தார், தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, லைன்ல இருக்கீயளா?" என்றது போன்.

"நாந்தான்" என்றார் கருத்தையா. "வேலு, சாப்பிட்டியாலே?"