வெளியாள் கைபடாத டிஸ்க்

தையல்காரியுடைய நாத்தனாரின் லேப்டாப் காலையிலிருந்து டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பது அவள் வேலை. தொண்ணூறு பக்கக் கோப்பு ஒன்று மறுநாள் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

தையல்காரி தன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கேட்டாள்.

"ஹார்ட் டிஸ்க் போகப் போகுது. இன்னும் உயிர் இருக்கு, மாத்திடலாம். கடையில குடுக்கறியா?"

"எப்படி அண்ணி குடுக்கறது? உள்ள இருக்கறது ஊரார் வீட்டு வழக்கு. வெளியாள் கைக்குப் போகாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் மட்டும் உள்ளாளா?"

"நீங்க துணியைத் தவிர வேற எதையும் உத்துப் பாக்க மாட்டீங்க."

தையல்காரி வாய்விட்டுச் சிரித்தாள். பதினெட்டு வருடமாகத் தன் மெஷின்களைத் தானே பிரித்து மாட்டுகிறவள் அவள். போன வருடம் தன் கணினிக்கும் இதே வைத்தியம் பார்த்திருந்தாள். கிளம்பிப் போய், சத்தம் போடாத புது டிஸ்க் ஒன்றும், அதை வெளியிலிருந்தே லேப்டாப்போடு இணைக்கும் கேபிளும் வாங்கி வந்தாள்.

முதலில் பழையதில் இருந்த அத்தனையும் புதியதற்கு நகலாக வேண்டும். இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிய நகல், எழுபத்தொரு சதவீதத்தில் நின்றுபோயிற்று. தையல்காரி லேப்டாப்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல்லாகக் கொதித்தது. தூக்கி நிறுத்தி, மேசை விசிறியை நேராகத் திருப்பிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் எண் எழுபத்திரண்டானது.

நகல் முடிந்ததும் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டாள். கழற்றிய ஒவ்வொரு திருகையும், துணி வெட்ட அளவு வரையும் காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, அதனதன் இடத்தில் டேப்பால் ஒட்டினாள். அடிமூடி ஒரு பக்கம் மட்டும் வர மறுத்தது. நாத்தனார் சமையலறையிலிருந்து கத்தியோடு வந்தாள்.

"கத்தியைக் கீழ வை! எதுவோ பிடிச்சுக்கிட்டிருக்கு, அதான் வரல."

தையல்காரி அடியிலிருந்த ரப்பர் பாதங்களை நகத்தால் நெம்பினாள். அவற்றுக்கு அடியில் இரண்டு திருகுகள் ஒளிந்துகொண்டிருந்தன. அதன்பின் மூடி சமத்தாகக் கழன்றது. பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பழைய டிஸ்க் இருந்த இடத்தில் புதியதை வைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள்.

பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. டிஸ்க் இல்லை என்று ஒரே ஒரு வரி.

"போச்சு," என்று நாத்தனார் நாற்காலியில் சரிந்தாள்.

"என்ன போச்சு? பழசும் முழுசா இருக்கு, புதுசும் முழுசா இருக்கு. நடுவுல எங்கயோ சேரல, அவ்வளவுதான்."

மறுபடி பிரித்தாள். டிஸ்க்குக்கும் அதைச் செருகிய வாய்க்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தது.

"என் தப்புதான். ஒடிஞ்சிடுமோன்னு பாதியில கையை எடுத்துட்டேன். இந்தா, நீ அழுத்து."

"நானா?"

"உன் டிஸ்க்தானே!"

நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளினாள். க்ளக்கென்று உட்கார்ந்தது.

இந்த முறை பத்தே விநாடியில் திரை வெளிச்சமானது. கோப்பின் கடைசிப் பக்கம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அண்ணியின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பிறகு பேச நேரமில்லாமல் வேலையில் மூழ்கினாள். மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதியானபின், பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அப்படியே குப்பையில் போட முடியாது. தையல்காரி பால்கனியில் ஒரு பலகையைப் போட்டு, டிஸ்க்கை அதில் இறுக்கிக் கட்டி, துளைபோடும் மெஷினை எடுத்தாள்.

நாத்தனார் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தள்ளுங்க அண்ணி, இதை நான் பாத்துக்கறேன்."

மூன்று துளை விழுந்தது.

"போதும்மா, அது செத்தே போச்சு!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணி," என்றாள் நாத்தனார், மெஷினைவிட உரக்க.