பன்னிரண்டு அறைக்கு வந்தவள்

ஃபின்னெர்ட்டி விடுதியின் மாடியில் ஆண்டுக்கு ஓர் அறை முளைத்தது. கொத்தனார் வரவில்லை, செங்கல் வந்து இறங்கவில்லை. வசந்தகாலத்தில் ஒரு காலை நடைக்கூடத்தின் கோடியில் புதிதாக ஒரு கதவு இருக்கும். உள்ளே யாரோ படுத்தெழுந்ததுபோல் கசங்கிய படுக்கை, கறை படிந்த முகம்கழுவும் தொட்டி. அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்த காரோமொயில் ஊரார் இதை மழையைப்போல எடுத்துக்கொண்டார்கள். கடலிலிருந்து பார்த்தால் கட்டடம் ஓர் அங்குலமும் நீளவில்லை என்று மீனவர்கள் சொன்னார்கள். பதினேழாம் அறையில் தங்கியவர்களோ அந்த மீனவர்களின் படகுகளுக்கு ஜன்னலிலிருந்து கையசைத்திருந்தார்கள்.

டீலியா டூஹி 1988இல் அறைகளைச் சுத்தம் செய்ய வேலைக்குச் சேர்ந்தபோது பன்னிரண்டு கதவுகள். முதலாளி மலக்கி ஃபின்னெர்ட்டி சமையலறை வாசலில் கைகுலுக்கி, வேலை இன்னதென்று வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி. ஏழு ஆண்டுகளில் பத்தொன்பது ஆயிற்று. மதியம் இரண்டு மணிக்கு வீடு போனவள் ஐந்துக்குப் போனாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. முதல் ஆண்டில் தன் கண்களையே சந்தேகித்தாள். பிறகு, மலக்கிதான் எண் தகடுகளை மாற்றி அடிக்கிறார் என்று எண்ணி, ஒவ்வொரு கதவின் அடியிலும் சாக்பீஸால் கோடு கிழித்து வைத்தாள். அடுத்த வசந்தத்தில் கோடில்லாத கதவொன்று நின்றது. மலக்கிக்கும் அவள்மேல் சந்தேகம்: வேலைக்கு டிமிக்கி கொடுக்கத்தான் கதவுகளை எண்ணுகிறாள் என்று.

"பன்னெண்டு ரூமுன்னுதானே சார் சொன்னீங்க?"

"மாடின்னு சொன்னேன் டீலியா. அது வளந்தா அதுக்கு நானா பொறுப்பு?"

இரண்டு பேர் நினைவுக்கும் சாட்சி இல்லை. கேட்டால் இரண்டு மாதத்துக்குள் வேலை விவரத்தை முதலாளி எழுதித் தரவேண்டும் என்று சட்டம் வந்திருப்பதைச் சமையல்காரி கான்செப்டாதான் வானொலியில் கேட்டு வந்து சொன்னாள். டீலியா அன்றே எழுதிக் கேட்டாள். மலக்கியின் முகம் கறுத்தது.

"நமக்குள்ள எதுக்குப் பேப்பரு? உங்கப்பாவும் நானும் ஒரே பெஞ்சில உக்காந்து படிச்சவங்க."

"உங்களப் பத்தி எங்கப்பா சொல்லிட்டுத்தான் சார் செத்தாரு."

பேப்பர் கேட்கிறவர்களுக்கு இந்த ஊரில் வேறு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று அவர் கான்செப்டாவின் காதில் விழும்படி இருமுறை சொன்னார். ஆனாலும் டீலியா கேட்டதைத் திரும்பப் பெறவில்லை. இரண்டு மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் தட்டச்சு செய்த தாள் வந்தது. வேலை, நேரம், விடுமுறை, எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'தேவைக்கேற்பப் பிற அறைகளும்.' அதை அவள் வாய்விட்டுப் படித்து முடிக்கும்போது மேலே மரம் முறுகும் சத்தம் கேட்டது. இலையுதிர்காலம், முளைக்கும் பருவமே இல்லை. படியேறிப் போய்ப் பார்த்தாள். இருபதாம் கதவு, பூச்சு காயாமல்.

தாளோடு கீழே வந்தாள். "அந்த வரிய அடிங்க சார்."

"அடிக்கலேன்னா?"

"மூணு மணிக்குப் பஸ்ஸு. தொழிலாளர் ஆபீஸ்ல காட்டிக் கேக்கறேன்."

மலக்கி அந்த வரியை அடித்து, 'ஒன்று முதல் பன்னிரண்டு வரை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். டீலியா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அடித்த இடத்திலும் கையெழுத்து வாங்கினாள், கான்செப்டாவைச் சாட்சி போடச் சொன்னாள். அப்புறமும் பல வாரம் காலையில் அதைப் பிரித்து, எழுத்து ஏதும் கூடியிருக்கிறதா என்று சரிபார்த்தாள். கூடவில்லை.

அறைகள் மறைந்துவிடவில்லை. பதின்மூன்றிலிருந்து மலக்கியே படுக்கை விரித்தார். ஆள் வைத்தால் அந்த ஆளுக்கும் எழுதித் தர வேண்டுமே. ஆண்டுகள் போகப்போக நடைக்கூடம் நீண்டது. கோடியில் தங்கியவர்கள் காலையுணவுக்கு ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள், யாரும் புகார் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை துடைப்பத்தோடும் ரொட்டிப் பொட்டலத்தோடும் உள்ளே போகும் மலக்கி வியாழக்கிழமை மாலை திரும்பி வந்தார். டீலியா பன்னிரண்டாம் அறையைப் பூட்டிவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனாள்.