பாதி மரத்துக்கு மழை

கண்ணாடிக் கூடத்தில் மழையை நிறுத்தச் சொன்னது அவள்தான்.

கூடத்துக்குள் ஒரு மழைக்காடு இருந்தது. சிறியது. தாவரவியல் படித்த அவள் அதைப் பார்த்துக்கொண்டாள். கூரையடியில் ஓடும் குழாய்களைத் திறந்து காலையும் மாலையும் மழை பெய்ய வைத்தவன் அவள் கொழுந்தன். ஊழியர்கள் அவனை மழைக்காரன் என்றார்கள். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நடுவில் நின்ற பெரிய மரம் வளர்ந்து கூரைக் கண்ணாடியைத் தொட்டுவிட்டது. இந்தப் பருவத்தில் பூத்தால் கூரையை உயர்த்தலாம், இல்லையென்றால் மரத்தை வெட்டிவிடலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதன் தாய்க்காடு இப்போது இல்லை. அங்கிருந்து வந்த கடைசி விதையை அவளே ஊன்றி வளர்த்திருந்தாள். மரம் ஒருமுறைகூடப் பூத்ததில்லை.

"மழைக்காடுன்னு பேரு. அதுல மழையை நிறுத்தச் சொல்றீங்க," என்றான் கொழுந்தன். "வீட்ல அண்ணன்கூட ஏதாவது சண்டையா அண்ணி?"

"உங்க அண்ணனை விடு. காட்டுலயும் சில வருஷம் வானம் கையை விரிக்கும். அப்பதான் இந்த ஜாதி மரம் பூக்கும். நாம விடாம ஊத்தி ஊத்திச் செல்லம் குடுத்துட்டோம்."

"செத்துப்போச்சுன்னா?"

"சாகாது."



அவன் வால்வை மூடினான். பாசி பழுப்பேறியது. குடையோடு வந்த பார்வையாளர்கள் முகம் சுளித்துத் திரும்பினார்கள். ஓர் அம்மாள் டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு, "மழை எங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். ஓரத்துச் செடிகளுக்கு மட்டும் ஹோஸில் தண்ணீர் விடலாம், பெரிய மரத்தின் பக்கம் போகவே கூடாது என்று கொழுந்தனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

மரம் இலைகளை உதிர்த்தது. மேலாளர் சருகுகளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"மேடம், வெட்டுக்கூலியை மிச்சம் பண்ணிக் குடுத்துடுவீங்க போல."

"கொஞ்சம் பொறுங்க சார்."

"பொறுத்தாச்சு. வெள்ளிக்கிழமை ஆளுங்க வர்றாங்க."

அவர் போனதும் அவள் மேல்நடைபாதையில் ஏறினாள். கிளைகளைக் கையெட்டும் தூரத்தில் பார்க்க முடிந்தது. வாசல் பக்கம் மொட்டைக் கிளைகள். பம்ப் அறைப் பக்கம் ஓர் இலைகூடக் கொட்டவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. இறங்கி வந்து, பச்சைக் கிளைகளுக்குக் கீழே மண்ணில் விரலை விட்டாள். ஈரம்.

கொழுந்தன் பம்ப் அறையில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா?"

"என்னது அண்ணி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்காத."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "காலைல வந்ததும் கொஞ்சூண்டு. இத்தனை வருஷம் நான் மழை பெய்ய வச்ச மரம். அது காயறதைக் கண்கொண்டு பார்க்க முடியல."

"ஏன் ஒரு பக்கம் மட்டும்?"

"ஹோஸ் அவ்வளவுதான் எட்டுச்சு."

கோபத்தோடு வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து மேலே இழுத்துப்போனாள். மொட்டைக் கிளை ஒன்றை வளைத்துக் காட்டினாள். கணுவுக்குக் கணு மிளகு போல ஏதோ புடைத்திருந்தது.

"மொட்டா?"

"மொட்டுதான். இப்ப உன் பக்கம் பாரு."

பச்சைக் கிளைகளை அவன் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ஒன்றுகூட இல்லை.

"நான் ஊத்தின பக்கம் எனக்கே பட்டை நாமம் போட்டுடுச்சு," என்றான்.

மேலாளரை வரவழைத்தார்கள். அவர் மூச்சு வாங்க ஏறிவந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மழையை நிறுத்தினதாலதான்னு எப்படி நம்பறது?"

"ஒரே மரம், ஒரே கூரை," என்றாள். "தண்ணி போன பக்கம் சும்மா இருக்கு. போகாத பக்கம் மொட்டு விட்டிருக்கு."

"தண்ணி எப்படிப் போச்சு?"

"திருட்டுத்தனமா சார்," என்றான் மழைக்காரன். "திருடனே சொல்றேன், நம்பிக்கங்க."

"சரி. மொட்டு பூவாகுமா?"

"ஆகும். அதுக்கு இப்ப மழை வேணும்."

"நிறுத்தச் சொன்னதும் நீங்க, பெய்யச் சொல்றதும் நீங்களா?"

"காய்ஞ்சாத்தான் மொட்டு விடும் சார். மழை வந்தாத்தான் அது விரியும். காட்டுல ரெண்டும் வானத்தோட வேலை. இங்க நம்ம வேலை."

கொழுந்தன் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தான். "தூறல் போதுமா அண்ணி?"

"தூறல் வேணாம். கொட்டட்டும்."

காய்ந்து கிடந்த குழாய்கள் இருமின. பிறகு கூடம் முழுக்க மழை இறங்கியது. சருகுகள் படபடத்தன. மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு, போனில் கத்தினார்: "வெள்ளிக்கிழமை வேணாம்! நான் சொன்னப்புறம் வாங்க! ஆமா, மழைதான்! உள்ளதான்!"

வெட்டும் ஆட்களை அவர் மறுபடி கூப்பிடவேயில்லை. மரம் பூத்தது. பாதி மரம் வெள்ளையாக, பாதி பச்சையாக. கூரையை உயர்த்த வந்தவர்கள் மேலே அளவெடுத்தார்கள். கீழே கூட்டம் அண்ணாந்து நின்றது.

"அந்தப் பக்கம் ஏன் பூக்கல?" என்று ஒருவர் கேட்டார்.

"அது நம்ம கைவரிசை," என்றான் மழைக்காரன்.