கூரெழுத்தில் பூட்டிய பெயர்

ஊரே குற்றாலத்துக்கு அருவியில் தலையைக் கொடுக்கப் போகும். தென்காசியில் அச்சாபீஸ் வைத்திருந்த தாணுமாலயன் மட்டும் அங்கே துரைமார் கல்லறையில் போய் நிற்பார். ஒரு கல்லில் வெட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்து அவரை அப்படி ஆட்டிவைத்தது. ஒவ்வொன்றும் வேல்முனை, எங்கு தொட்டாலும் கீறும். காகிதம் வைத்துக் கரி தேய்த்து எடுத்துவந்து, அதே சாடையில் தமிழ் எழுத்துகளைப் பலாக்கட்டையில் செதுக்கச் சொன்னார் ஆசாரியிடம். நம்முடைய உருண்டை எழுத்துகள் கொம்பும் கோரைப்பல்லுமாக வந்து சேர்ந்தன.

"செத்தவன் தலைமாட்டுல கெடந்தத வீட்டுக்குக் கொண்டாருதீயளே, அண்ணாச்சி," என்றாள் எதிர்வீட்டு ஹைருன் பீவி. அவளுக்கு யார் போய்ச் சொன்னார்களோ!

முதல் வேலை, சாரல் காலத்துப் பேய் நாடகத்துக்குச் சுவரொட்டி. பேயாக நடிப்பவன் அவருடைய அக்காள் மகன் சிவசைலம். ஆவணியில் அவர் மகளைக் கட்டப்போகிறவன். மாப்பிள்ளை பெயரைச் சாண் உயரத்தில் போட்டார். குழந்தைகள் பார்த்து அலறின, கொட்டகை நிறைந்தது. மனுஷர் தெருவில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

அந்த வாரமே சிவசைலம் காய்ச்சலில் விழுந்தான். அச்சடித்து முடிந்து கட்டைகளைக் கழற்றியபோது மற்ற எழுத்தெல்லாம் கழன்றன; அவன் பெயர் மட்டும், பூட்டியிருந்த இரும்புச் சட்டத்தை விட்டு அசையவில்லை.

"சாரல் ஈரத்துல மரம் ஊதியிருக்கு, அம்புட்டுதான்," என்றார் தாணுமாலயன்.

தெருவில் மழை சுவரொட்டிகளைக் கழுவியது. எல்லா வரியும் கரைந்தது. பெயர் மட்டும் அப்போதுதான் மை தடவியதுபோல் பளபளத்தது. வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

மனைவி மூக்கம்மாள் கோடரியோடு வந்தாள். "பேரு பூட்டிக்கெடக்கு, பிள்ள படுத்துக்கெடக்கான். நீங்க உடைக்கீயளா, நான் உடைக்கட்டா?"

"ஏட்டி, இப்படி எழுத்து மெட்ராஸ்லயே கெடையாது!"

"மெட்ராஸ்காரனுக்கா பொண்ணு குடுக்கீய?"

அவர் கோடரியை வாங்கிப் பெயர்க் கட்டைகளின் மேல் போட்டார். பிளந்த கட்டைக்குள் பலாவின் மஞ்சளைக் காணோம். அடி வரைக்கும் கறுப்பு. அடுப்பில் எரிந்தபோது நனைந்த கல்லின் வாடை வந்தது.

சாயங்காலமே அக்காள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டானாம். தாணுமாலயன் தெருவை எட்டிப் பார்த்தார். சுவரொட்டிகளில் பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தலில் கூட்டாளிகள், "ஏலே சிவசைலம்!" என்று கத்தினார்கள். மாப்பிள்ளை திரும்பவில்லை. தாணுமாலயன் அவன் தோளைத் தொட்டார்.

"மாப்ளே, ஒன்னயத்தான் கூப்பிடுதாங்க. சிவசைலம்னு."

அவன் மரியாதையாகக் கேட்டான்: "அது யாரு மாமா?"

பக்கத்தில் நின்ற ஹைருன் பீவிதான் முந்திக்கொண்டாள். "அதனால என்ன அண்ணாச்சி? ஒங்க மவ புருசன் பேரச் சொல்லியா கூப்பிடப் போறா?"

பந்தலே சிரித்தது. தாணுமாலயனும் சிரிக்கத்தான் பார்த்தார். மாப்பிள்ளையோ எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியின் அந்த வெள்ளை இடத்தை, யாரோ தெரிந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.