நான்கு சுழியங்களின் வாசல்

“வாசல் திறந்துதான் இருக்கு, ஒந்தினா!”

“திறந்திருந்தா செலியோ ஏன் கத்துறான்? மலைமேல மழையில நின்னுக்கிட்டு—”

“அவன் எப்பவும் கத்துவான். நானே தட்டிப் பாத்தேன். ‘வாங்கிக்கிட்டேன்’னு பதில் வந்துச்சு.”

“உன் பதிலுக்காக ஆறு காத்துக்கிட்டு நிக்காது, ருத்திலியோ. கரையில எங்க அம்மா மீன் பொரிச்சுக்கிட்டிருக்கா!”

“போன் பண்ணி மேல ஏறச் சொல்லு.”

“சொன்னேன். ‘வெள்ளச் சங்கு ஊதினா ஏறுறேன், போன வருஷம் எவனோ சும்மா ஊதிவிட்டான், நான் ஏறி எறங்குறதுக்குள்ள கோழியெல்லாம் போச்சு’ங்கிறா.”

அந்தப் பொய்ச் சங்குக்குப் பிறகுதான் யாரும் கையால் ஊத முடியாதபடி செய்தார்கள். இப்போது யோரோ மலையிலுள்ள கருவி ஆற்றை அளந்து, இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. கோரிக்கையாக இந்த அறைக் கணினியின் வாசலில் வந்து தட்ட வேண்டும். தட்டியது மெசேஜ் பஸ்ஸில் ஏறும். சக்கரம் வைத்த பஸ் அல்ல. ஒருமுறை சொன்னால், காது கொடுத்திருக்கும் அத்தனை பேரையும் சேரும் பொதுப் பாதை. கரையோரத்து ஊர்ச் சங்குகள் எல்லாம் அதில் காது வைத்திருந்தன. மலைக் கருவியின் முத்திரை இல்லாத செய்தியை அவை சட்டை செய்யாது. வாசலை அமைப்பது ருத்திலியோவின் வேலை. ஆற்றைக் கவனிப்பது அவன் மனைவி ஒந்தினாவின் வேலை. மலைக் கருவியைப் பார்த்துக்கொள்வது செலியோவின் வேலை.

போனில் செலியோவின் குரல் வந்தது. “மறுபடியும் தள்ளிவிட்டுடுச்சு! தண்ணி பாலத்தத் தொட்டாச்சு!”

“எங்கிருந்து தட்டிப் பாத்த நீ?” என்று கணவன் பக்கம் திரும்பினாள் ஒந்தினா.

“இங்கருந்துதான். இதே மெஷின்ல...”

ருத்திலியோ விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான்.

“வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு உன் கதவ நீயே தட்டினியா?”

அவன் அதற்குள் விசைகளைத் தட்ட ஆரம்பித்திருந்தான். வாசலுக்கு அவன் கொடுத்திருந்தது, ஓர் இயந்திரம் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. வெளியிலிருந்து வருபவருக்கு அங்கே சுவர்தான். அதை அழித்து நான்கு சுழியங்களை இட்டான். எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் கேள் என்று அதற்கு அர்த்தம். வாசலை ஒருமுறை மூடித் திறந்தான்.

“செலியோ, இப்ப அனுப்பு!”

“அனுப்பிட்டேன். ஏய்... வாங்கிக்கிச்சு! வாங்கிக்கிச்சுப்பா!”

திரையில் ஒரே ஒரு வரி விழுந்தது. அதை அவர்கள் படித்து முடிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்துச் சங்கு. அதன்மேல் ஆற்று வளைவுக்கு அப்பாலிருந்து இன்னொன்று; அதற்கும் அப்பால், மழைக்குள்ளிருந்து, மெல்லியதாக மற்றொன்று. ஊதியதென்னவோ ஒரே நொடியில்தான். காற்றுதான் அவற்றை வரிசையாக எடுத்து வந்தது. ருத்திலியோ கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், ஏதோ பெரியவர் உள்ளே வந்துவிட்டதுபோல.

“மாதாவே,” என்றாள் ஒந்தினா. அதற்குமேல் அவளுக்குச் சண்டை வரவில்லை.

சற்றுப் பொறுத்து அவன் போன் அடித்தது. பின்னணியில் ஜனங்களின் இரைச்சல், கோழிகளின் கொக்கரிப்பு.

“மாப்பிள்ளை, நான் மாதா கோயில் படியில நிக்கிறேன். இந்தத் தடவ கோழியையும் தூக்கிட்டு வந்துட்டேன். இங்கருந்து பாத்தா நம்ம மீன் கடை மேல தண்ணி ஓடுது... ஆமா, மேலூரு கீழூரு எல்லாம் ஒரே மூச்சுல ஊதுச்சே, யாருப்பா ஊதினது?”