தொட்டித் தடுப்பு

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு பிரசாத் மூடி போட்ட வாளியோடு மாடி ஏறி வந்தான். வாளிக்குள் ஏதோ மோதிக்கொண்டே இருந்தது.

"மாம்பலத்துலர்ந்து வழியெல்லாம் சண்ட போட்டுக்கினே வர்றான் சிங்காரம்," என்றான்.

காவேரி சிரித்தாள். தேசப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மனைவி அப்படிச் சிரித்து அவன் பார்த்து நாளாயிற்று.

பிரசாத் தி.நகர் துணிக்கடையில் அவளோடு வேலை செய்பவன். சிங்காரம் அவனுடைய ஃப்ளவர்ஹார்ன் மீன். சிவப்பு உடம்பு, விலாவில் கறுப்புப் புள்ளிகள், நெற்றியில் நெல்லிக்காய் அளவு புடைப்பு. காவேரியிடம் அதே இனத்தில் ஒரு பெண் மீன் இருந்தது. தீபாவளி போனஸில் தொட்டியோடு வாங்கியது. அதன் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

பிரசாத் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியின் நடுவில் ஒரு தடுப்பைச் செருகினான். கட்டம் கட்டமாக ஓட்டை போட்ட வெள்ளை பிளாஸ்டிக். ஒரு பக்கம் பெண். மறு பக்கம் சிங்காரத்தை விட்டான். சிங்காரம் உடனே தடுப்பை முட்டியது.

"இது எதுக்கு?" என்றான் தேசப்பன்.

"இல்லேன்னா பொண்ண கொன்னுடுவான்ணா. ரெண்டும் தடுப்பாண்ட வந்து சும்மா படுத்துக்கினு இருக்கணும். அப்பதான் எடுக்கணும். நான் பாத்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

"கொழம்புக்கும் ஆவாது. இதுக்கு இவ்ளோ வேலையா?"

"பாத்தியா, இவருக்கு எல்லாம் கொழம்புதான்," என்றாள் காவேரி, பிரசாத்தைப் பார்த்து. பிரசாத்தின் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். தேசப்பனின் துண்டு.

தேசப்பன் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றான். முன்பு ஒருமுறை பொடி இறாலை உரித்துக் கொண்டுவந்து தொட்டியில் போடப் போனான். காவேரி கையைப் பிடித்துத் தடுத்தாள். "கவுச்சி கையோட வராத. தண்ணி கெட்டுடும்." அதன் பிறகு அவன் தொட்டியின் பக்கம் போகவில்லை.

பிரசாத் தினமும் வந்தான். வேலை முடிந்து காவேரி அவன் வண்டியிலேயே வந்தாள். இருவரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். மெதுவாகப் பேசினார்கள். மீனைப் பற்றித்தான். தேசப்பன் காது கொடுத்துக் கேட்டான், மீனைத் தவிர வேறு எதுவும் இல்லை. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். அவனுக்கும் ஒரு டம்ளர் வந்தது.

"இஞ்சி எல்லாம் பலமா கீது," என்றான்.

"பிரசாத்துக்கு சளி," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் சீக்கிரம் விற்றுத் தீர்ந்தது. மதியமே வீட்டுக்கு வந்தான். காவேரி வேலைக்குப் போயிருந்தாள். சிங்காரம் தடுப்பை முட்டியது, திரும்பிப் போய், மறுபடி வந்து முட்டியது. பெண் மீன் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்திருந்த மண் பூந்தொட்டிக்குப் பின்னால் இருந்தது.

பெண் செத்துவிட்டால் பிரசாத் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

தேசப்பன் எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு கையிலும் தேய்த்தான். சோப்புப் போட்டுக் கழுவினான். முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவினான். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டுத் தடுப்பைப் பிடுங்கினான். சிங்காரம் நேராகப் பாய்ந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டான்.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தான். இருட்டுகிற நேரத்தில் பிரசாத்தின் வண்டி வந்தது. காவேரி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இருவரும் மாடி ஏறினார்கள். தேசப்பன் அவள் குரலுக்காகக் காத்திருந்தான். குரல் வரவில்லை. டீ ஆறிவிட்டது. எழுந்து போனான்.

இருவரும் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்கள். பெண் மீனின் வால் கிழிந்திருந்தது. அது பூந்தொட்டியின் மேல் மெதுவாக ஊர்ந்தது. அது போன இடத்தில் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. சிங்காரம் பின்னாலேயே போனது. கண்ணாடிக்கு வெளியே தேசப்பனைக் கண்டதும் வாயைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தது.

"தடுப்ப எடுத்தது நீயாண்ணா?" பிரசாத் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "கரெக்டான டைம்ணா! நானே இன்னும் ஒரு வாரம் ஆவும்னு நெனச்சேன். எப்டிண்ணா கண்டுபுடிச்சே?"

தேசப்பன் கையை இழுத்துக்கொண்டான்.

"மீன்காரன்னா சும்மாவா!" பிரசாத் சாவியை எடுத்தான். "இனிமே காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி வந்து பாக்கணும் காவேரி. முட்டைக்கு மருந்து விடணும். கடை சாத்தறதுக்குள்ள வாங்கியாந்துடறேன்."

அவன் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது.

காவேரி சமையல் மேடையைப் பார்த்தாள். பிழிந்த எலுமிச்சை மூடிகள் அங்கேயே கிடந்தன. அவன் கையை எடுத்து முகர்ந்தாள். விட்டாள்.

"கொன்னுடுவான்னு பிரசாத் உன்னாண்டதான சொன்னான். நல்லா கை கழுவிக்கினு, எதுக்குய்யா எடுத்தே?"