பிரிக்காத பெட்டி

பெட்டியைப் பிரிக்காததுதான் அவருடைய போராட்டம். தலைமை அலுவலகத்தில் ஃபைல்களுக்கு நடுவே சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்த துணை மேலாளரை, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக விமானமேற்றி, வெளிநாட்டுக் கிளை ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். "மூணே மாசம்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். நாலாவது மாதம் மகளுக்குத் தலைப்பிரசவம். அதற்குள் திரும்பியாக வேண்டும்.

அவருடைய அறையிலேயே தங்கியிருந்த பாய்லர்காரரும் தமிழர்தான். அலமாரி மேல் அந்தப் பாய்லர்காரருடைய பெட்டியும் பூட்டியபடியே தூசி தின்றுகொண்டிருந்தது.

"நானும் மூணு மாசம்னுதான் வந்தேன் சார். பதினோரு வருஷமாச்சு. சட்டையெல்லாம் எடுத்து அலமாரில மாட்டிக்கோங்க, கசங்குதுல்ல."

"நான் அதிகாரிய்யா. என் கணக்கே வேற."

மறுநாள் காலை ஆலை மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தடித்த பதிவேடு ஒன்றை நீட்டினார். புரியாத எழுத்து. பாய்லர்காரர் குனிந்து படித்துச் சொன்னார்:

"முழுப் பொறுப்பு அதிகாரின்னு போட்டிருக்கு சார். உங்க தகுதிக்கு வேற யாரு?"

கீழே பொடி எழுத்தில் இருந்தது என்னவென்று இவர் கேட்கவில்லை. படிப்பது குமாஸ்தா வேலை என்பது இவருடைய இருபது வருடக் கொள்கை. மயில் தோகை விரித்ததுபோல் ஒரு கையெழுத்துப் போட்டார். பாய்லர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரியாதை தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார் இவர்.

மதியம் அறைக்கு வந்தால், பாய்லர்காரர் பெட்டியும் கையுமாக நின்றார்.

"எங்கய்யா?"

"ஊருக்கு சார். காலைல நீங்க கையெழுத்துப் போட்டது பாய்லர் பதிவேடு. பாய்லருக்குப் பொறுப்பேத்தவன், அடுத்தவன் கையெழுத்துப் போடறவரைக்கும் நாட்டை விட்டுப் போகக்கூடாது. இங்க சட்டம் அப்படி. எனக்கும் ஒரு புண்ணியவான் இப்படித்தான் படிச்சுச் சொன்னாரு."

"அடப்பாவி! எம்பொண்ணுக்குப் பிரசவம்யா!"

"நான் வந்தப்ப எம்பொண்டாட்டியும் மாசமா இருந்தா சார். பொண்ணு இப்ப ஆறாங்கிளாஸ். இன்னும் முகம் பார்க்கல." வாசலில் ஒரு கணம் தயங்கினார். "ஊசியைப் பார்த்துக்கோங்க."

இவர் பாய்லர் அறைக்கு ஓடினார். அழுத்தமானியில் அபாய எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டை மறைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, பல வருடத்துப் பிளாஸ்திரி. ஊசி அதற்குப் பின்னால் போய் நின்று நடுங்கியது.

மேலே அறைக்கு வந்து தன் பெட்டியைத் திறந்தார். முதல் சட்டையை அலமாரி ஹேங்கரில் மாட்டினார். காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. காலி ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.